கபன் துணிக்குள் இருந்த கஸ்தூரி

எண்பதாம் வருடம், மாசி மாதம். காலை ஆறரைக்கு மாயவரத்தில் காரைக்கால் பேருந்தில் ஏறினேன். நாற்பது கிலோமீட்டருக்குள்தான், டிக்கெட் இரண்டு ரூபாய் சொச்சம். தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம். காரைக்காலுக்கு டிக்கெட் கேட்டாலே எல்லாருக்கும் ஒரே நினைப்புதான். "திரும்பி வர்றப்ப தெளிவா வருவீங்கள்ல?" என்றார் கண்டக்டர். வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு நின்று நான்கு நாள் ஆகியிருந்தது. அசல் கஸ்தூரியைத் தேனில் இழைத்து நாக்கில் தடவினால், போகிற உயிர் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகும் என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

எட்டு மணிக்குக் காரைக்கால் எல்லையில் நண்டலாற்றுப் பாலம். ஊருக்குள் நுழைந்ததும், கோவில்பத்துப் பகுதியிலிருந்து ஆபீசுக்குப் போகிறவர்கள் சைக்கிளில் எங்களோடு கூடவே வந்தார்கள். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. அந்தக் காற்றை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்தக் காலை வந்துவிடுகிறது.

அப்பாவைப் பார்த்துவந்த வைத்தியர் சொன்ன அத்தர் கடை, ஒரு மரைக்காயர் வீட்டின் முன்னறை. அப்பாவின் நிலையைச் சொன்னதும், எட்டு வருடமாகப் பத்திரப்படுத்திய கஸ்தூரிப் பையை அவர் எடுத்தார். ஊசியில் நூலைக் கோத்து, பூண்டுக்குள் இழுத்து, பிறகு அந்தப் பைக்குள் இழுத்தார். அசலானால் பூண்டு வாசனை போய்விட வேண்டும். முகர்ந்து பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "என்னையே ஏமாத்திப்புட்டானுவ தம்பி," என்றார்.

உள்கதவின் திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி பேசினார். ஹஜ்ஜுக்குப் போனபோது, தன்னை அடக்கம் செய்யும்போது போர்த்த வேண்டிய கபன் துணியை வாங்கி வந்தாராம். அதற்குள் கொஞ்சம் கஸ்தூரி முடிந்து வைத்திருந்தாராம். மரைக்காயர் அதை வாங்கிச் சோதித்தார். பூண்டு வாசனை அடியோடு போயிருந்தது.

"எனக்கு மவுத்து வர்ற அன்னிக்கு அத்தரே போதும். உங்க அத்தா பேசட்டும், கொண்டு போங்க," என்றது திரை. விலை கேட்டேன். மரைக்காயர் அதைத் தாளில் மடித்து என் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

பகல் பன்னிரண்டரைக்கு வீட்டில் இருந்தேன். வைத்தியர் கடுகளவு இழைத்துத் தடவினார். அறை முழுக்க மணந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பா கண் திறந்து வாசற்பக்கம் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை.

இப்போது கஸ்தூரி மானைக் கொல்லத் தடை இருக்கிறது, நல்லதுதான். காரைக்காலுக்கு அதன்பின் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த அம்மாள் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. ஆனால் அப்பா அன்று பேசியது அவரைப் பற்றித்தான் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

"யாரோ வந்திருக்காங்க," என்றார் அம்மாவிடம். "உக்காரச் சொல்லு."