இரண்டாவது மோட்டார்

கரமனை விஜயம் மாமி செத்தபோது அக்கிரகாரம் முழுக்க அவளைக் கொடுத்து வைத்தவள் என்றது. சிவப்புப் புடவை கட்டி, நெற்றி கொள்ளாமல் குங்குமம் வைத்து, தலை நிறையப் பூ வைத்து அனுப்பினார்கள். சுமங்கலியாகப் போனாளாம். நான் தெருக்கோடியில் நின்று பார்த்தேன். அந்தக் குங்குமம் அவளுக்கு எப்படித் தங்கியது என்று எனக்குத் தெரியும்.

நான் முத்தாரம்மாள். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த அழகியநம்பி பிள்ளையின் மருமகள். நாஞ்சில் நாட்டிலிருந்து நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது மாமனார் போய்ச் சேர்ந்திருந்தார். மாமி எங்கள் வீட்டுக்கு அப்பளமும் கருவடாமும் கொண்டுவருவாள். தகர டின்னை இறக்கி வைத்ததும் போகமாட்டாள். அடுக்களை வாசலில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருப்பாள்.

அவள் புருஷன் பஞ்சாபகேசன் விருந்துச் சமையலுக்குப் போகிறவர்; 1914இல் அண்ணன் பிச்சுமணியோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். அந்த வாரமே கொல்லம் பக்கத்துக் காயலில் ஒரு வள்ளம் கவிழ்ந்தது. அதில் அவரைப் பார்த்ததாக யாரோ வந்து சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு தர்ப்பையால் ஓர் ஆள் உருவம் கட்டி, அதை எரித்துக் கருமம் செய்வார்கள். அன்றைக்குத்தான் பெண்டாட்டி விதவை. தாலியும் போகும், தலைமுடியும் போகும்.

அந்தப் பன்னிரண்டாவது வருஷம் வந்துவிட்டது. பிச்சுமணி கெட்ட மனுஷர் இல்லை. பன்னிரண்டு வருஷமும் தம்பி பெண்டாட்டிக்குச் சோறு போட்டவர். ஆனால் சாஸ்திரம் என்றால் சாஸ்திரம்தான் அவருக்கு. ஐப்பசியில் நாள் குறித்துவிட்டார், நாவிதருக்கும் சொல்லியாயிற்று.

"பயமா இருக்குடி முத்தாரு," என்பாள் மாமி. முழங்கால்வரை தொங்கும் பின்னலைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொல்லுவாள்.

"ஒருவேளை அவரு எங்கயாவது இருந்தா?" என்பேன்.

"இருந்தா எங்கிட்ட வராம இருப்பாராடி? அண்ணாகிட்டதான் கோபம், எங்கிட்ட என்ன கோபம்? போயிட்டார். எனக்குத் தெரியும். அதனாலதான் வரலை."

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் தெளிந்துவிடும். போனவரைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் கிடையாது.

அந்த வருஷம் சரஸ்வதி பூசைக்கு வீட்டை ஒதுக்கும்போது, கூடத்து உத்தரத்துக்குக் கீழே மாட்டியிருந்த பெரிய படத்தைத் துடைப்பதற்காக இறக்கினேன். நடுவில் மோட்டார். அதன் முன்னால் நாற்காலியில் மாமனார், சுற்றிலும் சொந்தக்காரர்கள். இடது ஓரத்தில் விருந்து சமைக்க வந்த சமையல்காரர்கள், கரண்டியும் கையுமாக. மாமி டின்னை இறக்கி வைத்தவள் படத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"இவர்தான்," என்றாள். ஓரத்தில் நின்றவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். புருவத்தில் வெட்டுத் தழும்பு தெளிவாகத் தெரிந்தது. "முத்தாரு, இது எப்போ எடுத்தது?"

யாருக்குத் தெரியும்? என் கணவர் தாணுமாலயன் அப்போதெல்லாம் நாகர்கோவிலில் படித்துக்கொண்டிருந்தாராம். மாமியார் பகவதியம்மாளைக் கேட்டேன். "மோட்டாருக்குப் பூசை வச்ச அன்னைக்கு எடுத்ததாக்கும்," என்றாள்.

"எந்த மோட்டாருக்கு அத்தே?"

"அது ஓர்மை இல்ல மக்கா. எல்லா வருசமும் பூசைதான், எல்லா வருசமும் சாப்பாடுதான்."

எங்கள் வீட்டில் இரண்டு மோட்டார் வாங்கினார்கள். இரண்டும் ஃபோர்டு. முதலாவது, வள்ளம் கவிழ்வதற்கு முந்தின வருஷம் வந்தது. இரண்டாவது, கவிழ்ந்து ஐந்தாறு வருஷம் கழித்து. படத்தில் இருப்பது பழைய வண்டி என்றால் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. புது வண்டி என்றால் பஞ்சாபகேசன் காயலில் சாகவில்லை, மாமிக்குத் தலைமுடி மிஞ்சும்.

டிரைவர் சிவதாணுவைக் கூப்பிட்டேன். அவன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பழசுக்கு மூக்கு பித்தளை, புதுசுக்குக் கறுப்பு. பாத்த உடனே சொல்லிரலாம். ஆனா இதுல மூக்கு எங்க இருக்கு?"

உண்மைதான். பூசை போடுகிறோம் என்று வண்டியின் மூக்கை மாலையால் மூடி, விளக்கு இரண்டிலும் சந்தனத்தை அப்பி, கண்ணாடிக்குக் குலைவாழையைக் கட்டி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை அலங்காரம் செய்யமாட்டார்கள். பக்தி முற்றிப் போய் அந்த ஒரு பெண்ணின் ஆயுசையும் சேர்த்து மூடிவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பழைய வண்டி மண்டிக்குப் பின்னால் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. கோழிகள் அதில் குடியிருந்தன. படத்தை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் அங்கே போனோம். சிவதாணு கோழிகளை விரட்டிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தான். முன்சக்கரத்தருகே வந்ததும் குனிந்தான்.

"அம்மா, மட்கார்டைப் பாருங்கோ."

பார்த்தோம். பழைய வண்டியின் மட்கார்டு பலகை மாதிரி தட்டையாக இருந்தது. படத்தில் இருந்ததோ ஓடு கவிழ்த்தது போல முதுகு வளைந்திருந்தது. வாசலில் நின்ற புது வண்டியையும் போய்ப் பார்த்தோம். அதே வளைவு. சந்தேகமே இல்லை, படத்தில் இருப்பது இரண்டாவது மோட்டார்.

"மாமி, தப்பிச்சுட்டீங்கோ!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். மாமி பின்னலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது, ஏன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

படத்தைப் பார்த்ததும் பிச்சுமணி தேம்பித் தேம்பி அழுதார். "என் தம்பி இருக்கான்! என் வாயால அவனைக் கொன்னுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கருமம் நின்றது. அக்கிரகாரத்துப் பெண்கள் மஞ்சளும் குங்குமமுமாக மாமியைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அவளே பாயசம் ஊற்றிக் கொடுத்தாளாம். பிச்சுமணி சமையல்காரர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். அந்தக் கூட்டம் எப்போதோ கலைந்து போயிருந்தது. பஞ்சாபகேசன் கிடைக்கவில்லை, வரவும் இல்லை. மாமி சாகிறவரைக்கும் வரவில்லை.

பாயசம் ஊற்றிய மறுவாரம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலையில் பூ இருந்தது. டின்னில் அப்பளம் இல்லை. அடுக்களைப் பக்கம் வராமல் நேரே கொட்டகைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சிவதாணு அங்கே ஏதோ திருகிக்கொண்டிருந்தான்.

"சாலைக்கும் கரமனைக்கும் எவ்வளவு தூரம் சிவதாணு?" என்று கேட்டாள்.

"என்ன பெரிய தூரம் அம்மா? நடந்தாலே வெத்தில போட்டுத் துப்புகதுக்குள்ள போயிரலாம்."

"இங்க வந்து சமைச்சிருக்கார். சிரிச்சுண்டு நின்னிருக்கார்." பழைய வண்டியின் தட்டையான மட்கார்டில் அவள் கையை வைத்துக்கொண்டாள். "இன்னொரு தரம் நன்னாப் பார்த்துச் சொல்லேன். அந்தப் படத்துல இருக்கறது இந்தப் பழைய வண்டியா இருக்கப்படாதா?"

சிவதாணு என்னைப் பார்த்தான். "இல்லம்மா," என்றான். "அது புதுசுதான்."

மாமி அப்படியே கோழி எச்சத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாய்விட்டு அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அவர் சாகலைடி முத்தாரு," என்று அழுதாள். "அவர் சாகவே இல்லைடி."