கரையேறின பிறகு கேட்கிற கேள்வி

மார்கரெட்டைப் பற்றிச் சொல்வதென்றால் நண்டுக் கொட்டகையிலிருந்துதான் தொடங்கவேண்டும். பழவேற்காட்டில் ஏரியோரம் தகரம் வேய்ந்த கொட்டகை அது. சேற்றில் வாழும் களி நண்டின் கொடுக்கை மடக்கிக் கயிற்றால் கட்டி, தொட்டித் தண்ணீரில் கழுவி, ஈரச்சாக்கு போட்டுப் பெட்டியில் அடுக்கி, உயிரோடு சென்னைக்கு அனுப்புவோம். பன்னிரண்டு பெண்கள். நான் கயிறு கட்டுகிறவள். மார்கரெட் எங்களுக்கு மேஸ்திரி.

அவள் காட்டூரில் நடவு நட்டு வளர்ந்தவள். வின்சென்ட்டைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தாள். முன்பு ஒரு இறால் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை. அங்கே ஒருதரம், "இந்தக் கையுறை ஏன் சார் இவ்ளோ கிழிஞ்சிருக்கு?" என்று கேட்டதற்கு அவளை நாள் முழுக்க வாசல் வெயிலில் நிற்கவைத்தார்களாம். தன் கைக்கு ஒரு கொட்டகை வந்தால் கேள்வி கேட்டதற்காக ஒருத்தியும் வெயிலில் நிற்கமாட்டாள் என்று அன்றைக்கே மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். முடிச்சுப் போட்டால் அவிழ்க்கமாட்டாள் மார்கரெட். அதை நான் அடித்துச் சொல்வேன்.

மேஸ்திரியான நாள் முதல் காலையில் வேலை தொடங்கும் முன் எங்களை நிற்கவைத்து, "எதனா கேக்கணுமா? பயப்படாம கேளுங்கடி" என்பாள். நாங்கள் தரையைப் பார்ப்போம். அவளும் சளைக்காமல் மறுநாள் கேட்பாள். மறுநாளும் தரைதான்.

போன மாசம் நண்டு சாகத் தொடங்கியது. மூன்று லோடு, சென்னை போய்ச் சேர்வதற்குள் பாதிப் பெட்டி செத்துக் கிடந்தது. முதலாளி துளசிங்கம் திங்கட்கிழமை வந்து எங்கள் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார்.

"த பாரு மார்கரெட், சனிக்கிழமை லோடும் இப்டியே போச்சுன்னா வேற மேஸ்திரி பாத்துக்குவேன். நீ வூட்டோட இரு."

வின்சென்ட்டின் வலைக்கு வாரத்தில் நாலு நாள் ஒன்றும் விழுவதில்லை. இந்த வேலைதான் அவர்கள் அடுப்பு. செவ்வாய்க்கிழமை காலை அவள் கெஞ்சாத குறையாகக் கேட்டாள். "இன்னாடி கோளாறு? யாருக்காச்சும் எதனா தோணுதா?" பசியாவரத்துக் கோமளா, தொட்டிக்குத் தண்ணீர் நிரப்புகிறவள், வாயைத் திறந்தாள். திறந்த வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை விடியற்காலை வின்சென்ட் படகைத் தள்ளும்போது, கவலையில் இருந்தவள் மறந்துபோய்க் கரையிலிருந்து கத்தினாள்: "எந்தப் பக்கம் போற?"

அவர் கோலைக் கீழே போட்டார். "ஏம்மே! பொறப்படசொல்ல கேக்காதன்னு இருவது வருசமா சொல்றேன், உனுக்கு உறைக்கவே உறைக்காதா?" என்று திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி போனார். படகு புறப்படும்போது கேள்வி கேட்டால் தொழில் விளங்காது என்பது எங்கள் ஜனங்களின் ரத்தத்தில் ஊறினது. ஆனால் கரையேறினவனைப் பார், எவ்வளவு மீன் பட்டது என்று, "இன்னா பாடு?" என்று ஊரே சுற்றிக்கொண்டு கேட்கும்.

இருபது வருஷத் திட்டு அன்றைக்குத்தான் மார்கரெட்டுக்கு உறைத்தது. "ஐயோ, தெனமும் பொறப்படசொல்லதானே இவளுங்கள நிக்கவெச்சுக் கேக்குறேன்!"

அன்று சாயங்காலம் கைகால் கழுவி நாங்கள் கிளம்பும் நேரத்தில் டீ போட்டு வைத்திருந்தாள். தானும் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்துகொண்டு, கரையில் கேட்கிற மாதிரியே கேட்டாள்: "இன்னிக்கு இன்னா பாடு?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். "கையில நாலு கடி, அதான் பாடு" என்றேன் நான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கோமளா கேட்டுவிட்டாள்.

"யக்கா, கோச்சுக்காத. ஏரித் தண்ணியில வளந்த நண்ட எதுக்குக்கா கொழாத் தண்ணியில கழுவுறோம்? பிளீச்சிங் பவுடர் நாத்தம் எனக்கே கண்ணு எரியுது."

எல்லாரும் மார்கரெட்டைப் பார்த்தோம். குழாய்த் தண்ணீரில் கழுவச் சொன்னதே மார்கரெட்தான். நண்டில் சேறு இருக்கிறது என்று சென்னைக்காரர்கள் சொன்னதால் போன மாசம்தான் மாற்றினாள். அவள் முகம் சிவந்தது. 'இத்தனை நாளா வாயில இன்னாடி வெச்சினு இருந்த' என்று வரப்பார்த்தது, நான் பார்த்தேன். டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

"மாத்துனது நான்தான் கோமளா. நல்லதுன்னு நெனச்சேன். நாளிக்கு ரெண்டு தொட்டி வெச்சுப் பாத்துடலாம்."

வியாழக்கிழமை ஒரு தொட்டியில் ஏரித் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் கழுவித் தனித்தனிப் பெட்டியில் வைத்தோம். வெள்ளிக்கிழமை காலை திறந்தால், குழாய்த் தண்ணீர் நண்டு வாயில் நுரை தள்ளிக் கால் தொங்கிக் கிடந்தது. ஏரித் தண்ணீர் நண்டு கண்ணை நீட்டிக்கொண்டு கயிற்றோடு மல்லுக்கட்டியது.

சனிக்கிழமை முதலாளி வந்து தொட்டியைப் பார்த்தார். "யாரக் கேட்டு மாத்துன?"

"கோமளா கேட்டா. கேட்டது ஞாயம். மாத்துனது நான். நண்டு செத்தா நான் போறேன், அவள ஒண்ணும் கேக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது மார்கரெட்டின் போன் அடித்தது. பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. பதினெட்டுப் பெட்டியிலும் செத்தது இரண்டே நண்டு. துளசிங்கம் நன்றி எல்லாம் சொல்லவில்லை. "நாளிக்கு வேலைக்கு வந்துடு" என்றார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் டீ நேரத்தில் அவரே வந்து நின்றார். மார்கரெட் அவருக்கும் ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு டம்ளரை நீட்டினாள். கோமளாவுக்கு இப்போது வாய் வந்துவிட்டதே!

"மொதலாளி, பன்னெண்டு பொம்பளைங்க காலையிலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் இருக்கோம். கக்கூஸ் எப்ப கட்டித் தருவீங்க?"

அவர் மார்கரெட்டைப் பார்த்தார், 'இவளை அடக்கு' என்கிற பார்வை. மார்கரெட் அசையவில்லை.

"என்னப் பாக்காதீங்கண்ணே. கேட்டது அவ."

"அது… எடம் பாக்கணும். இப்ப எப்டி சொல்றது?" என்று எழுந்தார்.

"எப்ப சொல்லுவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள் கோமளா விடாமல்.

"புதன்கிழம" என்றார் எரிச்சலோடு.

மார்கரெட் அவர் டம்ளரை வாங்கிக்கொண்டாள். "சரிண்ணே. புதன்கிழம டீ உங்களுக்கும் சேத்துப் போடுறேன்."