காயாத திரை

சமஸ்தானத்து ராஜா ஆட்சி போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அப்போதுதான் எங்கள் திருக்கோகர்ணத்து வீட்டுக் கூடத்தின் குறுக்கே அந்தத் திரை வந்தது. கிழக்குப் பாதி என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, மேற்குப் பாதி எங்களுக்கு. ரெண்டு பேருக்கும் பொதுவான கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்பை, தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அண்ணன் குத்தகைக்கு விட்டுவிட்டார். அதில் வந்த பேச்சு பேச்சையே நிறுத்திவிட்டது. நடுவில் சுவர் வைக்கச் செங்கல்கூடக் கொல்லையில் வந்து இறங்கிவிட்டது.

பஞ்சாயத்துக்கு வந்த அவர்களுடைய தாய்மாமன்தான் சொன்னார். "இப்போதைக்கு ஒரு திரையப் போடுங்கப்பா. அது கிழியிறதுக்குள்ள ஒண்ணாகலேன்னா செவுரு வச்சுக்கங்க. நான் தடுக்கலை." ரெண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள்.

அண்ணன் பெண்டாட்டியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கெட்டிக் காடாத்துணி வாங்கி, அழுக்குத் தெரியாமல் இருக்கக் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி, மூங்கில் கழியில் கோத்துத் தொங்கவிட்டதும் அவள்தான். காலையில் அவர்கள் பக்கத்து வெயில் அதில் பட்டு எங்கள் பக்கம் தேன் நிறமாக வழியும். அந்த வெளிச்சத்தில் அக்கா தலை வாருவது நிழலாக ஆடும். நான் அரிசி களைந்துகொண்டே பார்த்திருப்பேன். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

திரை கிழியக் கூடாது. எங்கள் ரெண்டு பேருக்கும் அதுதான் அப்போது கவலை. ஆம்பளைகள் வேலைக்குப் போனதும் மாசம் ஒருநாள் கழற்றுவோம். சவக்காரம் போட்டால் நூல் இற்றுப்போகும் என்று பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரை வரக் கடைந்து, அதில் அலசுவோம். கல்லில் அடிக்க அக்கா விடமாட்டாள். முறுக்கிப் பிழியவும் கூடாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து நின்றால் தண்ணீர் நடுவில் குழிந்து, தானாக ஒழுகி முடியும். நிழலில் காயப்போட்டு, விட்டுப்போன இழைக்குத் துணியின் ஓரத்திலிருந்தே நூல் உருவித் தைப்பாள்.

"வெளுத்துக்கிட்டே வருதேக்கா" என்றேன் ஒருநாள்.

"வெளுத்தா வெளுக்கட்டும்த்தா. நம்ம தலையா நரைக்குது?"

இப்படி அவள் வாயிலிருந்து விழுவதையெல்லாம் நான் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடம் போகாத எனக்கு அதுதான் படிப்பு.

ரெண்டு வருஷம் ஓடியது. "என்ன துணி இது, இரும்புலயா நெஞ்சான்?" என்று என் வீட்டுக்காரரே அலுத்துக்கொண்டார். அந்தத் தீபாவளிக்கு முன்னால் திரையை நனைத்தோம், மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டுத் தாழ்வாரக் கொடியில் நாலு நாள் அது சொட்டிக்கொண்டே கிடந்தது. கூடம் திறந்து கிடந்தது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

ரெண்டாம் நாள் மூத்தவர் விடாமல் தும்மினார். என் வீட்டுக்காரர் என்னிடம், வீதிக்கே கேட்கிற மாதிரி, "சுக்கு இருந்தா அங்கிட்டுக் கொஞ்சம் குடு" என்றார். நாலாம் நாள் மூத்தவர் ஓட்டுக்கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த மழைக்குத் தோப்புல தண்ணி நின்னுருக்குமோ?"

நான் கரண்டியை அசைக்காமல் நின்றேன்.

"அது மேட்டு நெலம். நிக்காது" என்றார் இவர், தட்டைப் பார்த்தபடி.

அவ்வளவுதான். மறுநாள் மழை விட்டுவிட்டது. வெயிலென்றால் அப்படியொரு வெயில். நடுப்பகலுக்குள் திரை காய்ந்து மொரமொரவென்று நின்றது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்கு அழுகை வந்தது. மாட்டினால் பழையபடி ஆகிவிடுமே.

அக்கா கிணற்றடியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மேலிருந்து கீழாக நிதானமாக ஊற்றினாள்.

"கேட்டா இன்னும் காயலேன்னு சொல்லு."

மூன்று நாள் இப்படி ஊற்றினோம். கூடத்தில் பேச்சு தோப்பிலிருந்து நகர்ந்து மழைக்கு, மழையிலிருந்து யார் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குப் போனது. மூன்றாம் நாள் என் முறை. செம்பைக் கவிழ்த்து நிமிர்ந்தால் மூத்தவர் நிற்கிறார், முகம் கழுவ வந்தவர்.

திரையின் ஓரத்தைப் பிடித்துப் பிழிந்தார். தண்ணீர் அவர் காலில் கொட்டியது. ஒரு மேகமும் இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

"கெட்டித் துணி" என்றார். "காய நாளாகும்." முகம் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் அது காய்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மூங்கில் கழி கூடத்தில் வெறுமனே தொங்கியது. கொல்லைச் செங்கலில் பாசி படர்ந்தது. நானும் அக்காவும் மட்டும் மாசம் ஒருநாள் அந்தத் துணியை எடுத்து, பூந்திக்கொட்டை நுரையில் அலசி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வடிகிற வரைக்கும் பேசிக்கொண்டு நிற்போம்.