வாழை கட்டாத பந்தல்

எங்கள் படித்துறைத் தெருவில் இதுவரை யாரும் யாரையும் வெட்டியதில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை உண்டு, குழாயடியில் குடுமிப்பிடி உண்டு, அரிவாள் எடுத்தவன் கிடையாது. சொன்னால் எவன் நம்புகிறான்? தெரு முடிகிற இடத்தில் உடைமரக் காடு. அதைத் தாண்டினால் தாமிரபரணி. எங்கேயோ பழிக்குப் பழி என்று வெட்டிக்கொள்கிறவர்கள் பிணத்தை வண்டியில் ஏற்றி வந்து அந்தக் காட்டில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். செத்தவனும் எங்கள் தெரு இல்லை, வெட்டியவனும் எங்கள் தெரு இல்லை. பிணம் கிடந்த இடம் எங்கள் தெரு என்று கணக்கில் ஏறிவிட்டது. செத்தும் கெடுத்தான் என்பது இதுதான்.

இந்தக் கணக்கில் சிக்கிச் சீரழிந்தவர் பந்தல்காரர் மகாராஜன் அண்ணாச்சி. அவருக்கு எதிர் வீட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவள் நான், பிரேமலதா. சிறு வயதிலேயே தகப்பனைப் பறிகொடுத்தவர் அண்ணாச்சி. அடுத்தவன் நாற்காலியைத் தள்ளுவண்டியில் இழுத்துக் கூலி வாங்கியவர், பிறகு சொந்தமாகத் தகரமும் கம்பும் நாற்காலியும் வாங்கிப் போட்டார். சுற்றுவட்டாரத்தில் கல்யாணத்துக்கும் அவர் பந்தல்தான், சாவு விழுந்த துட்டி வீட்டுக்கும் அவர் பந்தல்தான். “ரெண்டுக்கும் அதே தகரம், அதே கம்புதான் தங்கச்சி. வாழையக் கட்டி ரெண்டு பாட்டப் போட்டா கல்யாணம். கட்டாட்டா துட்டி” என்று சிரிப்பார். கட்சிக் கூட்டம் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கட்சிக்காரன் திட்டினாலும் “சரிங்கய்யா” என்பதற்கு மேல் அவர் வாயில் வார்த்தை வராது.

அவருக்கும் சுடலைவடிவு மைனிக்கும் ஒரே மகள், தேன்மொழி. ஆஸ்பத்திரிப் பக்கம் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். தங்கமான பிள்ளை. முப்பது வயது நெருங்கியும் கல்யாணம் தகையவில்லை. வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பார்கள், பிடித்திருக்கிறது என்பார்கள். ஊருக்குப் போய் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போன் பண்ணுவார்கள்: “படித்துறைத் தெருவா? டிவில காட்டுதாவளே, அந்தத் தெருவா?” அத்தோடு சரி.

டிவியில் காட்டத்தான் செய்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் சட்டசபையில் எழுந்து, நகரம் கொலைக்களமாகிவிட்டது, துப்பாக்கிப் படையை இறக்கு என்றார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள், போன வருஷத்தைவிடக் கொலை குறைந்திருக்கிறது, வேண்டுமென்றே பீதியைக் கிளப்புகிறார்கள் என்றார்கள். ராத்திரி ஆனால் விவாதம். நாலு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்துவார்கள். பின்னால் திருநெல்வேலி வரைபடம், அதில் எங்கள் தெருவைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கீழே ‘பதற்றமான பகுதி’ என்று எழுத்து. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அந்த நாலு பேரில் ஒருவனாவது இங்கே வந்து ஒரு தேத்தண்ணி குடித்திருப்பானா? கரிமுடிவானுவ.

இந்த நிலையில்தான் திருச்செந்தூர்ச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை இசக்கிமுருகன் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். அவன் அம்மா இன்பமணி பெண்ணைப் பார்த்ததுமே, “தெருவயா கட்டிக்கிடப் போறோம்? பிள்ளயத்தான கட்டப் போறோம்” என்று சொல்லிவிட்டாள். சுடலைவடிவு மைனி அன்றைக்கு என் கடைக்கு வந்து சீனி வாங்கினாள். வாங்கிய கையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆவணியில் ஒரு புதன்கிழமை பூ வைத்து உறுதி செய்வதாக ஏற்பாடு ஆயிற்று.

ஊருக்கெல்லாம் பந்தல் போட்ட மனுஷன் முதல் தடவையாகத் தன் வாசலில் தனக்காகப் போட்டார். குலை தள்ளிய வாழையாகத் தேடிப் பிடித்து வந்து அவரே கட்டினார். காலையில் எழுந்து பார்த்தால் தெருமுனையில் பச்சைச் சட்டைக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள்! சட்டசபையில் நடந்த சண்டை முற்றி, பயமில்லை என்று காட்டுவதற்காக அரசாங்கமே படையை வரவழைத்துவிட்டதாம். அன்றைக்குக் கொடி அணிவகுப்பாம்.

உள்ளூர் இன்ஸ்பெக்டர் பந்தலுக்கு வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, தணிவாகத்தான் பேசினார்.

“அண்ணாச்சி, ரேடியோவ நிறுத்திருங்க. கூட்டமா நிக்காண்டாம். இந்த வாழை வண்டி திரும்ப இடைஞ்சலா இருக்கு, அவுத்திருங்க.”

“சார், எம் மவளுக்குப் பூ வைக்க வாறாவ சார்.”

“அர மணி நேரந்தான். படை அங்கிட்டு போனதும் திருப்பிக் கட்டிக்கிடுங்க.”

“சரிங்கய்யா” என்றார் அண்ணாச்சி. அவரே கட்டிய வாழையை அவரே அவிழ்த்துச் சுவரோரம் படுக்கவைத்தார். பாட்டு நின்றது. பெண்களெல்லாம் வீட்டுக்குள் போய்விட்டார்கள். நாலைந்து ஆம்பிளைகள் மட்டும் பேச்சுமூச்சில்லாமல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ராகு காலத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் வெள்ளனவே கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் வேன் தெருமுனைத் தடுப்பில் வந்து நின்றதை நான் கடை வாசலிலிருந்து பார்த்தேன். இன்பமணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். வாழையில்லாத பந்தல், சத்தமில்லாத வாசல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நிற்கிற பெண்ணின் தகப்பன், சுற்றிலும் துப்பாக்கி. மாப்பிள்ளையின் மாமன் இறங்கிப் போய்ப் படைக்காரன் ஒருவனிடம் என்னவோ கேட்டார். அவனுக்குத் தமிழ் தெரியாது. போ போ என்று கையை ஆட்டினான். இன்பமணி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். வேன் பின்னால் போய்த் திரும்பியது.

“ஏ யம்மா, நில்லுங்க! துட்டி இல்லம்மா!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். படைக்காரன் இந்தியில் அதட்டி லத்தியைக் குறுக்கே நீட்டினான். வேன் போய்விட்டது.

அண்ணாச்சி போன் போட்டார். தேன்மொழிதான் ஸ்பீக்கரைப் போட்டுப் பிடித்துக்கொண்டாள். எல்லாருக்கும் கேட்டது.

“அண்ணாச்சி, யாரு தவறிட்டாவ?” என்றாள் இன்பமணி.

“யாரும் தவறலம்மா. படை வந்திருக்கு, அதான் வாழைய அவுத்தோம். நீங்க வாங்கம்மா.”

“நல்ல காரியத்துக்குப் புறப்பட்டுத் துட்டிப் பந்தல்ல முழிச்சிட்டமே அண்ணாச்சி. நாங்க ஆத்துல தல முழுகிட்டு ஊருக்குப் போறோம்.”

“யாரும் சாகலம்மா! சத்தியமா யாரும் சாகல!”

“இன்னிக்குச் சாகல. பட்டாளம் வந்து நிக்குத தெருவுல நாளைக்கு என்ன நடக்கும்னு யாரு கண்டா? எங்களுக்கும் ஒத்தப் பிள்ளதான். மன்னிச்சிருங்க.”

தேன்மொழி போனை அணைத்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள். “சோறு ஆறுதுப்பா, வந்தவியளுக்கு எலயப் போடுங்க” என்றாள். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் பந்தலைப் பிரிக்கப் போலீஸ்காரர்கள் விடவில்லை. தெருவில் அமைதிக் கூட்டம் போடுகிறார்களாம், பந்தலும் நாற்காலியும் தயாராக இருக்கிறதே, அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் வந்தார், எதிர்க்கட்சிக்காரர் வந்தார், இன்ஸ்பெக்டர் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டிய வரிசையில் அவர்கள் உட்கார்ந்தார்கள். தெருக்காரர்கள் நாங்களும் போய் உட்கார்ந்தோம்.

“இந்த வருஷம் ஒம்பது கொலதான்” என்றார் வட்டச் செயலாளர்.

“பதினாலு வே! ஆத்துல மெதந்து வந்ததையெல்லாம் எங்க முழுங்குனிய?” என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

“மெதந்து வந்தது மேற்க உள்ளவன் கணக்கு. நம்ம கணக்குல எப்படிச் சேக்க முடியும்? படை வந்து ஒரு நாளாச்சி, ஒரு அசம்பாவிதம் உண்டா? நீரே சொல்லும்.”

“ஐயாமாரே, எந்திரிங்க.”

மகாராஜன் அண்ணாச்சியின் குரல்தான். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. வட்டச் செயலாளரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன அண்ணாச்சி?”

“துட்டி வீட்டுல உக்காந்து கணக்குப் பேசப்படாது. எந்திரிங்க.”

“யாருவே தவறுனது? எங்களுக்குத் தாக்கலே வரலியே!”

அண்ணாச்சி தன் வீட்டு வாசலைப் பார்த்தார். நிலைப்படியில் தேன்மொழி நின்றிருந்தாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்ததும் அவள் உள்ளே போய்விட்டாள். வேன் திரும்பிப் போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதிருந்த சுடலைவடிவு மைனி உள்ளேயிருந்து ஒப்பாரி எடுத்தாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுகிற அழுகை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் எழுந்தார்கள்.

துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஒவ்வொருவராக எழுந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் தெருவில் இறங்கினார்கள். எதிர் வீட்டுக்காரி நான், நானும் சொல்லிக்கொள்ளாமல்தான் வந்தேன்.