கடலுக்கு எத்தனை பூச்சு

அந்த ஆள் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது, நான் முற்றத்தில் ஒரு மர மயிலின் தோகைக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைச் சேட்டு, தோய்த்த சாரம். எங்கள் ஒழுங்கையில் முன்பு காணாத முகம். சண்டைக்காலத்தில், அதுவும் திருகோணமலைத் துறைமுகத்துக்கு இவ்வளவு கிட்டக் குடியிருந்தவர்களுக்கு, காணாத முகம் என்றாலே யார் அனுப்பிய ஆளோ என்றுதான் முதலில் தோன்றும்.

அண்ணன் மரத்தில் செதுக்குவார். வண்ணம் என்னுடைய வேலை. நிலாவெளிக்கு வெள்ளைக்காரர் வருவது நின்றபிறகு, வெளிநாடு போகிற எங்கள் சனங்கள்தான் மானும் மயிலும் வாங்கினார்கள். நான் பெயின்ற்றைக் கெட்டியாகப் பூசுவதில்லை. நிறையத் தின்னர் விட்டு நீர்மோர்போல ஆக்கிப் பூசுவேன். காயுமுன் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் மரத்தின் ரேகை உள்ளே தெரியும். பூச்சின்மேல் பூச்சாகப் போகப்போக நிறம் இறுகும்.

வந்தவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார்.

“எனக்கு ஒரு பலகை செதுக்கித் தரவேணும். எங்கட துறைமுகம். கப்பல் வேண்டாம், காம்ப் வேண்டாம். கரையும் மலையும் கடலும் இருந்தாக் காணும்.”

அண்ணனின் உளி நின்றுவிட்டது.

“பிள்ளை, இதே மாதிரித்தான் கடலுக்கும் பூசவேணும்” என்று அவர் என்னிடம் சொன்னார். “ஆழம் குறைஞ்ச இடத்தில ஒரு பூச்சு. ஆழம் கூடக்கூடப் பூச்சும் கூடவேணும். எங்கெங்க எண்டு நான் வந்து காட்டுறன்.”

அவர் போனதும் அண்ணன் படலையைக் கட்டிவிட்டு வந்தார். “துறைமுகத்தின்ர ஆழமெல்லாம் இவனுக்கு ஏன்? ஒண்டில் இயக்கம் அனுப்பின ஆள். இல்லாட்டி, நாங்கள் செய்யிறமோ எண்டு பாக்க ஆமி அனுப்பின ஆள்.”

“அப்ப ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா, ஏன் பயப்பிடுறாய் எண்டு கேப்பான்.”

அந்த ஆள் சொன்னபடியே வந்தார். பலகையில் விரலை வைத்து, “இந்த முனையைத் தாண்டினாப் பள்ளம், இன்னும் ரெண்டு பூச்சு” என்பார். நான் பூசுவேன். எந்த ஊர் என்று கேட்டதற்கு ஒருநாள் சம்பூர் என்றார். இன்னொருநாள், கேட்காமலே, கப்பல்துறை என்ற ஊரிலிருந்து வருவதாகச் சொன்னார். ஒழுங்கை முகப்பில் நேவி ட்ரக் போனால் முதுகைத் திருப்பிக்கொள்வார். அதை நாங்கள் இருவருமே கவனித்தோம்.

தின்னர் வாங்கப்போன இடத்தில் கடை முதலாளி குரலைத் தாழ்த்தினார். கிண்ணியாக்காரர், எங்களுக்கு நெடுங்காலம் பழக்கம். “தங்கச்சி, இவ்வளவு தின்னர் எதுக்கு? எரியிற சாமான். ஆர் ஆர் வாங்குறது எண்டு ரெண்டு பேர் வந்து விசாரிச்சவங்க.”

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் உளியை எடுத்து, அந்த ஆள் காட்டிய முனையைச் சீவித் தள்ளினார். நடுக்கடலில் இன்னும் சீவாமல் விட்டிருந்த மரமேட்டில், எங்குமில்லாத ஒரு தீவைச் செதுக்கினார். நான் துணியைத் தின்னரில் நனைத்துக் கடலைத் தேய்த்தேன். ரேகைக்குள் ஊறிய நிறம் முழுதாகப் போகவில்லை. அதன்மேலேயே, அந்த ஆள் ஆழம் என்ற இடத்தை வெளிறவிட்டு, ஆழமில்லை என்ற இடத்தை இருட்டாக்கினேன்.

அந்தக் கிழமை முடியுமுன் ஆமி ஒழுங்கையைச் சுற்றிவளைத்து வீடுவீடாகத் தேடியது. வீட்டுக்குள் வந்த அதிகாரி பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

“இது எங்க?”

“எங்கயும் இல்லை, சேர். சும்மா ஒரு கடல்” என்றார் அண்ணன்.

அதிகாரி தீவின்மேல் விரலை ஓட்டினான். விரலை மூக்கில் வைத்து மணந்து பார்த்தான். பலகையைத் தலைகீழாக வைத்துவிட்டுப் போனான்.

பிறகு அந்த ஆள் வந்தார். பலகையை மடியில் வைத்து, முனை இருந்த இடத்தை விரலால் தேடினார்.

“இது ஆரின்ர கடல்?”

அண்ணன் உளிகளைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

“கப்பல் இழுக்கிற போட்டில வேலை செய்தனான் நான். பிரச்சினை தொடங்கினாப் பிறகு துறைமுகத்துக்குள்ள போகப் பாஸ் தரேல்ல. மகள் கனடாவுக்குக் கூப்பிடுறாள். இதைக் கொண்டு போவம் எண்டு நினைச்சன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அப்ப ஏன் ஒருநாள் சம்பூர் எண்டும் ஒருநாள் கப்பல்துறை எண்டும் சொன்னீங்கள்?”

“சம்பூரில பிறந்தனான். கப்பல்துறையில கலியாணம் கட்டினனான். ஒரு ஊரைத்தான் சொல்லவேணும் எண்டு எனக்குத் தெரியேல்ல, பிள்ளை.”

நேவி ட்ரக்கைப் பற்றியும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

“திருப்பிச் செய்து தருவீங்களோ?” என்று அண்ணனைப் பார்த்தார்.

“ஏலாது, ஐயா.”

அவர் பலகையை மெதுவாகக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். நடை தளர்ந்திருந்தது. பாவம் மனுசன் என்றேன் நான். “நல்லாக் கதைக்கிறான்” என்றார் அண்ணன். பிறகு படலையடியில் போய் நின்று, அவருக்குப் பின்னால் யாராவது போகிறார்களா என்று பார்த்தார். யாரும் போகவில்லை. அண்ணனுக்கு அதுவும் சந்தேகமாகவே இருந்தது.