உத்தமபாளையத்தில் தொடங்கிய ஆல்பம்: தேனி முதல் குமுளி வரை

போன ஆனி மாதம், 2008இல், ஒரு சனிக்கிழமை காலை வேனை எடுத்துக்கொண்டு தேனியிலிருந்து குமுளிக்குப் போனேன். குமுளியில் எனக்கு எந்த வேலையும் இல்லை. ஒரு மெட்டல் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் நண்பர் காதருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் ஏறும் உத்தமபாளையத்துக்கு அப்பால் அதற்குப் போதுமான ரோடு குமுளி வரைக்கும்தான் இருக்கிறது.

புதிதாக இந்தப் பக்கம் வந்தவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. தொழில், வேன். சனிக்கிழமை தோறும் காலிப் பெட்டிகளைத் தேனியிலிருந்து கம்பத்துக்கு ஏற்றிப் போய், திராட்சை நிரப்பிக்கொண்டு திரும்புவேன். 1997இல் தேக்கடிக்கு என் வண்டியில் போன ஒரு வெள்ளைக்காரர் சீட்டுக்கு அடியில் ஒரு கேசட்டை விட்டுப் போனார். போட்டுப் பார்த்ததும் டேப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து, ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். துடைத்த பிறகு இன்னும் தெளிவாகக் கத்தினார்கள். அன்று பிடித்தது.

கேசட் அட்டையில் இருக்கும் பெயரை நான் வாசிப்பதில்லை. படிக்காதவன்தானே என்று சிரிக்க வேண்டாம். முள்ளுக்காட்டில் இடி விழுந்தது மாதிரி இருக்கும் அந்த எழுத்தை நெட் சென்டரில் ஒரு வாத்தியாரிடம் காட்டினேன். அவர் அட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த நாட்டு மரவேர்ப்பா இது?" என்று கேட்டார். அதனால் ஆல்பத்துக்கு அட்டைப் படம்தான் பெயர். பாட்டுக்கு, அது ஓடும்போது வண்டி எந்த ஊரைத் தாண்டுகிறதோ அந்த ஊர்தான் பெயர். வீரபாண்டிக்குள் டிரம்ஸ் இறங்கவில்லை என்றால் அந்த ஆல்பத்தின் மேல் எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

எங்களுக்கு என்றால் மூன்று பேருக்கு. செல்வராசு நூல் மில்லில் ராத்திரி ஷிப்டு. பழனிசெட்டிபட்டியில் தங்கியிருக்கிறான். சனிக்கிழமை காலை ஷிப்டு முடிந்ததும் என் வண்டியில் ஏறி, கம்பத்தில் இருக்கும் வீட்டுக்குப் போவான். காதர் உத்தமபாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அங்கே ஏறி, கம்பத்தில் இறங்கி, சரக்கு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்புவார். என் வண்டி திரும்பும்போது கூரை வரைக்கும் திராட்சைப் பெட்டி, ஆளுக்கு இடமில்லை. காசு போட்டு வாங்கிய கேசட்டு மூவருக்கும் பொது. எந்தக் கேசட்டும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அதை நாங்கள் மீறியதே இல்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். தேனியிலிருந்து உத்தமபாளையம் முப்பது கிலோமீட்டர் சொச்சம், என் வண்டியில் முக்கால் மணிக்கு மேல் ஆகும். ஒரு மணி நேர ஆல்பத்தில் காதர் ஏறும்போது மிச்சம் இருப்பது கடைசி ஒன்றரைப் பாட்டு. பதினோரு வருடமாக அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் தீர்ப்பு முழு ஆல்பத்துக்கும் சொல்வார்.

என்னைக் குமுளி வரைக்கும் ஓட்ட வைத்த சண்டைக்குக் காரணம் 'ஒத்தமரம்' என்கிற ஆல்பம். சாம்பல் நிற அட்டை, நடுவில் இலையில்லாத ஒரு மரம். யாரும் சீண்டாமல் தேனி கடையில் தூசியோடு கிடந்த சி.டி.யைக் கேசட்டில் ஏற்றச் சொல்லி வாங்கினேன். (சி.டி. என் வண்டிக் குலுக்கலுக்கு ஆகாது. பள்ளத்துக்கு ஒரு பாட்டு தாவும்.) எழுபது நிமிட ஆல்பம். முதல் வாரமே செல்வராசு தள்ளிவிட்டான். "பன்னெண்டு நிமிசம் கிடார நோண்டிக்கிட்டே இருக்கான். வீரபாண்டியும் போச்சு, சீலையம்பட்டியும் வந்துருச்சு." காதரோ, இதுவரை வாங்கியதிலேயே இதுதான் உசத்தி என்றார். பேச்சு முற்றிக் கடைசியில் செல்வராசு சொன்னான், "நீங்க பேசாதீங்க. நீங்க கால் ஆல்பம் காதரு."

காதர் கம்பத்தில் இறங்கும்போது கதவை மெதுவாகச் சாத்தினார். படாரென்று சாத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அடுத்த மூன்று சனிக்கிழமையும் அவர் நிற்கும் முக்கில் அவர் இல்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திராட்சையோடு திரும்பும் வழியில் கடை முன்னால் நிறுத்தினேன்.

"மாப்ள, என்ன ஆளையே காணோம்?"

"முழு ஆல்பம் கேக்குற ஆளுகளோட போங்க மாமா." பருப்பை நிறுத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"வர்ற சனிக்கிழமை இங்கன வந்துதான் டேப்ப போடுவேன். மொதப் பாட்டுல இருந்து. முடியிற வரைக்கும் ஓட்டுறேன், அது எந்த ஊரா இருந்தாலும் சரி."

தராசுத் தட்டு ஆடி நின்றது. "அவன் வாயத் தெறக்கக் கூடாது," என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஏழே காலுக்குக் கிளம்பினேன். பழனிசெட்டிபட்டியில் செல்வராசு தலையெல்லாம் பஞ்சோடு ஏறி, பழக்கத்தில் டேப்புக்குக் கையை நீட்டினான். தட்டிவிட்டேன்.

"உத்தமபாளையம் வரைக்கும் கிடையாது."

"அதுவரைக்கும் என்னண்ணே பண்றது?"

"ரோட்டப் பாரு. அங்கன ஒரு தோப்பு இருக்கு, இங்கன ஒரு தோப்பு இருக்கு."

பாட்டில்லாமல் அந்த ரோட்டில் நான் போனதே இல்லை. வயலில் நாற்று நட ஆரம்பித்திருந்தார்கள். வீரபாண்டி வந்தும் டிரம்ஸ் வரவில்லை. ஸ்டியரிங்கில் நானே தட்டினேன். செல்வராசு ஜன்னலை ஏற்றினான், இறக்கினான், மறுபடி ஏற்றினான். சின்னமனூரில் வாழைத்தார் லாரி குறுக்கே நின்று பத்து நிமிடம் தின்றது. வழக்கமாக அந்த இடத்தில் அவன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பான். அன்று கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "சத்தம் இல்லாமத் தூக்கம் வர மாட்டேங்குதுண்ணே," என்றான். மில்லில் மிஷினுக்கு நடுவில் வேலை பார்ப்பவன், பாவம். டபுள் பேஸ் டிரம்தான் அவனுக்குத் தாலாட்டு.

உத்தமபாளையம் முக்கில் காதர் இல்லை. ஹாரன் அடித்தேன். இறங்கி நின்றேன். ஏறி உட்கார்ந்தேன். மறுபடி இறங்கினேன்.

"வர மாட்டாகண்ணே, கிளம்புவோம்," என்றான் செல்வராசு. சொன்னவன் கடைத்தெருப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எட்டரைக்குக் காதர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வடைப் பொட்டலம். முன் சீட்டைக் காட்டினேன். கேட்காமல் எப்போதும் போலப் பின்னால் போய்க் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். டேப்பைப் போட்டேன்.

முதலில் ஒரு இரைச்சல். பிறகு ஒற்றைக் கிடார், ரொம்ப மெதுவாக, யாரோ அடுத்த வீட்டில் வாசிப்பது போல. செல்வராசு, "ஆரம்பிச்சுட்டான்யா," என்று சீட்டில் சரிந்தான். அனுமந்தன்பட்டி தாண்டும்போது என் தோளில் ஒரு கை விழுந்தது.

"மாமா, சத்தத்தக் கூட்டுங்க." கூட்டினேன். "இது கடைசியில வர்றதுல்ல? பாடுறவன் உறுமி முடிச்சு, எல்லாரும் சேந்து வாசிப்பாகளே, அதே ராகம். இங்கன ஒத்தக் கிடார்ல வச்சிருக்கான்."

"கடைசியில அப்படியெல்லாம் ஒண்ணும் வராது," என்றான் செல்வராசு.

"நீ கேட்டுருக்கியா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவன் எங்க மாப்ள கேட்டான்? சின்னமனூர் தாண்டுனா இவன் குறட்டைதான் லீடு கிடாரு. நீ ஏறுறப்ப முழிச்சிருந்தா உன்னைய ஒரு வாட்டியாச்சும் வாங்கன்னு கேட்டிருப்பானுல்ல?"

"நான் மரியாதைக்குப் பேசாம வாரான்னுல்ல நெனச்சேன்," என்றார் காதர். "அப்ப சண்டை போட்டியே?"

"நீங்க எறங்குறப்ப கதவு சத்தத்துல முழிப்பேன். அன்னைக்குக் கொஞ்சம் முன்னாடியே முழிச்சுட்டேன்," என்றான் செல்வராசு.

காதர் சிரித்த சிரிப்பில் பெட்டிகள் ஆடின. "ஏலே, நான் காலு. நீ அரை. மிச்சக் கால் யாரு கேட்டா?"

நான்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் நான் சின்னமனூர் கடைத்தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பேன். யோசித்தால் எங்களிடம் இருக்கும் எந்த ஆல்பத்துக்கும் நடுப்பகுதியை எங்களில் ஒருவரும் கேட்டதே இல்லை.

ஒன்பது மணிக்குக் கம்பம். டேப்பை நிறுத்தி டீ குடித்தோம், மூன்று டீ ஒன்பது ரூபாய். செல்வராசுவின் வீடு இரண்டு தெரு தள்ளி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எறங்கிக்கிறேண்ணே, எரியுது," என்றான்.

காதர் வடையைப் பிட்டு அவன் கையில் வைத்தார். "உன் பாதிய நான் பன்னெண்டு நிமிசமும் அசையாமக் கேட்டேன். என் பாதிய நீ கேளு. பெறகு நல்லா இல்லன்னு சொல்லு, ஒத்துக்கிறேன்."

அவன் வடையைத் தின்றான், தெருவைப் பார்த்தான், போனை எடுத்து வீட்டுக்குப் பேசினான். "குமுளி வரைக்கும் போயிட்டு வாரேன். இல்ல ஆத்தா, வேலையெல்லாம் இல்ல. ஒரு பாட்டு முடியல."

கூடலூர் போகும் ரோட்டில் அந்த நடுப்பகுதி வந்தது. எட்டு நிமிடம் குரலே இல்லை, இரண்டு கிடாரும் ஒன்றை ஒன்று விரட்டுகின்றன. எங்கள் வண்டியிலேயே இத்தனை நாள் இருந்ததை இப்போதுதான் கேட்கிறோம். லோயர் கேம்பில் மலையிலிருந்து மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களுக்குக் கீழே நிறுத்திக் கேசட்டைத் திருப்பினேன். மழை பிடித்தது.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். கொண்டை ஊசி வளைவு, மழைச் சத்தம், அதோடு டபுள் பேஸ். செல்வராசுவின் தலை கண்ணாடியில் முட்டத் தொடங்கியது. காதர் பின்னாலிருந்து அவன் காதைத் திருகினார். அடுத்த வளைவில் மறுபடி விழுந்தான். ஜன்னலை இறக்கி அவன் முகத்தை மழையில் பிடித்தார். "முழிச்சுத்தான் இருக்கேன்," என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்.

"அப்ப இப்ப என்ன வாசிக்கிறான்?"

"கிடாரு."

"இதச் சொல்ல ஒரு ஆளு முழிச்சிருக்கணுமாடா?"

குமுளி செக்போஸ்டுக்கு நூறு அடி முன்னால் லாரி வரிசை. கடைசிப் பாட்டு உறுமல் முடியும் இடத்துக்கு வந்திருந்தது. மழைக்கோட்டு போட்ட கேரளச் செக்போஸ்டுக்காரர் ஒருவர் ஜன்னலில் தட்டி மலையாளத்தில் அதட்டினார்.

"எந்தா ஈ சத்தம்? ஆஃபாக்கு."

நான் கையை நீட்டினேன். காதர் பெட்டிகளைத் தாண்டி முன்னால் பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாரே, ரெண்டு மினிட்டு. பதினோரு கொல்லம் ஆயி சாரே."

எதற்குப் பதினோரு வருடம் என்று அந்த மனிதருக்கு என்ன தெரியும்? காதரின் முகத்தைப் பார்த்தார், ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். உறுமல் நின்றது. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு அந்த ராகம், அடுத்த வீட்டில் வாசிப்பது போல் ஆரம்பித்ததே அதே ராகம், இப்போது எல்லாக் கிடாரும் டிரம்ஸும் சேர்ந்து வண்டித் தகரம் அதிர வந்தது. செல்வராசு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தலையில் ஒட்டியிருந்த பஞ்சு நனைந்து நெற்றியில் வழிந்தது. துடைக்கவில்லை.

டேப்பு ஓய்ந்ததும் மழைக்கோட்டுக்காரர், "கொள்ளாம்," நல்லாத்தான் இருக்கு, என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

காதர் செல்வராசுவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் நெற்றிப் பஞ்சை வழித்துவிட்டு, "அண்ணே, அந்த மொதப் பாட்ட இன்னொருக்காப் போடுங்க," என்றான்.

திரும்பும் வழியில் கம்பம் வரைக்கும் அதையே கேட்டோம். காதர் முன் சீட்டில், செல்வராசு பெட்டிகளுக்கு நடுவில்.

இந்த ரோட்டில் ஆல்பம் கேட்டுக்கொண்டு போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். தேனி முதல் குமுளி அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். போக இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், செக்போஸ்டு வரிசை தனி. எனக்குப் போய்வர டீசல் நானூறு ரூபாய் ஆனது. பஸ்ஸில் போனால் இருபது ரூபாய் சுமாருக்கு முடிந்துவிடும், ஆனால் டிரைவர் வைப்பதைத்தான் கேட்க வேண்டும். ஆனி, ஆடியில் மலையில் மழை இருக்கும், சத்தம் குறைவாக இருக்கும் பாட்டை அங்கே வைக்காதீர்கள். நாற்பது நிமிட ஆல்பம் என்றால் தேனியில் போட்டுச் சின்னமனூரைத் தாண்டியதும் முடித்துக்கொள்ளலாம். எழுபது நிமிடம் என்றால் சின்னமனூரில் மட்டும் டேப்பை நிறுத்திவிட்டு ஹாரன் அடியுங்கள். ஒரு ஆல்பம் மட்டம் என்று யாராவது சொன்னால், எந்த ஊரில் ஏறினீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை பழனிசெட்டிபட்டியில் செல்வராசுவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. முதல் பஸ்ஸில் உத்தமபாளையத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் வந்து, வந்த வழியே திரும்பிப் போக என் வண்டிக்காகக் காத்திருந்தார். "டிக்கெட்டுக் காசு கேக்காதீக மாமா, மொதப் பாட்டு என்னுது," என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

அதற்குப் பிறகு உத்தமபாளையம் முக்கில் யாரையும் ஏற்ற நான் வண்டியை நிறுத்துவதில்லை. ஒரு நிமிடம் நிறுத்துவது செல்வராசுவின் முகத்தில் தண்ணீர் அடிக்க. அதைக் காதர்தான் அடிப்பார், வேறு யாரையும் விடமாட்டார்.