சிக்னல் ஃபுல்லா இருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை, ரங்கூனிலிருந்து ஆற்றைத் தாண்டித் தன்லியின் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஒரு அம்மாவைப் பார்த்து ஒளிந்துகொண்டேன்.

ஆமாம், ஒளிந்துகொண்டேன்தான். எனக்கு ஐம்பத்தாறு வயசு, பாதி நரை, மடியில் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகிற பழக்கூடை. அந்தக் கூடையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பக்கத்து ஸீட்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டுமே.

எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஷமீமா. மூன்று வருஷம் முன்பு ரங்கூன் துறைமுகத்தை ஒட்டின போட்டாதாங்கில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் ரேடியோ செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர். பக்கத்தில் அவர் மகள், கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய காலேஜ் பெண். அந்தப் பெண் அம்மாவிடம் எதைச் சொன்னாலும் காதருகே குனிந்து, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி பர்மிய மொழியில் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பாலம் வந்தாச்சு" என்பதைக்கூட அப்படித்தான்!

அடடா, ஷமீமாவுக்குக் காது மந்தமாகிவிட்டதா?

அப்படித் தோன்றிய அந்த விநாடியில் என் மனசில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. சத்தியமாக நிம்மதி. ஏன் என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் இன்னொரு பிழைப்பு தெரியும். பத்தி எழுதி யார் பிழைத்தார்கள்? நான் ரேடியோ ரிப்பேர்க்காரன். தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் தெருவில் எந்த வீட்டு மாடியில் ஆன்டெனா மாட்டின மூங்கில் கம்பு நின்றாலும் அது நான் நட்டதாகத்தான் இருக்கும். படம் ஆடுகிறதா? கம்பை உயர்த்து. செட் கரகரக்கிறதா? இன்னும் உயர்த்து. ரங்கூனில் எங்கள் தொழில்காரர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். பெரும்பாலும் பலிக்கும். பலித்ததால்தான் எனக்குத் தலைக்கனம்.

அந்த ஏஜென்ட் ஆபீஸ் ஒரு ஹாஜியாருடையது. உளுந்தும் துவரையும் ஏற்றுமதி. நீங்கள் காலையில் சாப்பிடுகிற இட்லியில் அவர் உளுந்து இருந்தாலும் இருக்கும். படகில் சரக்கு வந்து ஆற்றில் காத்திருக்கும். படகு கட்டுகிற ஜெட்டியில் இடம் காலியானதும் ஜெட்டிக் கம்பெனிக்காரன் ரேடியோவில் கூப்பிடுவான். அதைக் கேட்டவுடனே லாரிகளை விரட்ட வேண்டும். கேட்காமல் விட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். எங்களுக்கு அந்த ரேடியோவைக் கேட்க மட்டும்தான் பர்மிட். பேச முடியாது, "என்ன சொன்னே?" என்று திருப்பிக் கேட்கவும் முடியாது.

அந்தக் கேட்கிற வேலைதான் ஷமீமாவுக்கு. என்ன காது அது! பழைய செட்டின் கரகரப்புக்குள்ளே ஒருவர் இருமினால் போதும். "இது மூணாம் நம்பர் இழுவைப் படகுக்காரர், சளி இன்னும் விடல போல" என்பார். ஆபீஸில் எல்லாரும் சிரிப்போம். ஆனால் எட்டு வருஷத்தில் ஒரு கூப்பிடு கூடத் தவறியதில்லை.

அப்புறம் ஜெட்டிக் கம்பெனி டிஜிட்டலுக்கு மாறியது. ட்ரங்கிங் என்று பேர். பழைய முறையில் ஒரு சேனல், ஒரு பேச்சு. புதுசில் நாலைந்து சேனலை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். யார் வாயைத் திறக்கிறாரோ அவருக்குக் காலியாக இருக்கிற சேனலைக் கம்ப்யூட்டர் ஒதுக்கும். நம் ஸ்கேனர், அதாவது கேட்க மட்டுமே செய்கிற செட், பின்னாலேயே ஓடிப் போய்ப் பிடித்துக் கேட்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஸ்கேனர் வந்தது. மாட்டிவிட்டு, வருஷம் பூரா பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டவன் அடியேன்.

முதல் நாளிலிருந்தே தகராறு. காலையில் கண்ணாடி மாதிரிப் பேசும். பதினொரு மணிக்கு ஒரு வார்த்தை வரும், அடுத்த வார்த்தை விழுங்கப்படும். மத்தியானம் ஊமை. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், பழைய செட் சரியாக வராவிட்டால் இரைச்சல் போடும். "நான் சரியில்லை" என்று அதுவே சொல்லிவிடும். டிஜிட்டல் அப்படி இல்லை. புரியாவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். யாரும் பேசவில்லை போல என்று நாமும் இருந்துவிடுவோம்.

நான் என்ன செய்தேன்? வேறென்ன, உயர்த்தினேன்! ஆபீஸ் இருந்த நாலாவது மாடிக்கு மேலே மூங்கில். அது போதாமல் இருபதடி இரும்புக் குழாய். ஸ்கேனரில் சிக்னல் பலத்தைக் காட்டுகிற ஐந்து கோடும் நிரம்பியது. எனக்கு ஒரே பெருமை. "பாருங்க ஹாஜியார், சிக்னல் ஃபுல்!"

செட் முன்னைவிட அதிகமாக விழுங்கியது.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. நம்ம ஊரில் இது ஒரு செய்தியா? பேட்டரியும் குட்டி ஆன்டெனாவும் மாட்டின ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு ஷமீமா கீழே கோடவுனுக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார், அங்கேதான் காற்று குளிர்ச்சி என்று. சாயங்காலம் நான் போனபோது ஓடி வந்தார்.

"அண்ணே, கீழ வெச்சா நல்லாப் பேசுது அண்ணே. ஒரு வார்த்தைகூட விடல. ரெண்டு கோடுதான் காட்டுது, ஆனா அவ்வளவு சுத்தமா இருக்கு."

நான் சிரித்தேன். ஹாஜியாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சிரித்தேன். "ஏம்மா, மாடியில அஞ்சு கோடு வர்றப்ப கேக்காதது, உளுந்து மூட்டைக்குள்ள ரெண்டு கோட்டுல கேக்குதா? சிக்னல் என்ன எலியா, மூட்டைக்குள்ள புகுந்துக்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு தடவை வந்து கேட்டுப் பாருங்கண்ணே" என்றார். நாளைக்குப் பார்ப்போம் என்றேன். ஒரு மாடிப்படி... சரி, நாலு மாடிப்படி. இறங்கிப் போய்க் காதைக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கூப்பிடு தவறியது. மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. இடம் காலி என்று ஜெட்டிக்காரன் மூன்று முறை கூப்பிட்டானாம். ஷமீமாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இடம் போனது, படகு இரண்டு நாள் ஆற்றிலேயே நின்றது, தார்ப்பாயைத் தாண்டித் தண்ணீர் இறங்கி உளுந்து முளைவிட்டுவிட்டது. ஹாஜியார் கோபக்காரர் இல்லை. முளைவிட்ட உளுந்தை ஒரு கை அள்ளிப் பார்த்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கோளாறு செட்லயா, ஆள்லயா? எழுதிக் கொடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மூன்றே வரி. செட் நல்ல நிலையில் உள்ளது. சிக்னல் முழுமையாக உள்ளது. கேட்பவரின் காதிலோ கவனத்திலோதான் குறை இருக்க வேண்டும்.

பொய் எழுதவில்லை என்று அப்போது நினைத்தேன். கோடு ஐந்தும் நின்றதே! ஆனால் கை எழுதும்போதே உள்ளே ஏதோ உறுத்தியது. அதையும் மறைக்க மாட்டேன்.

வேலை போன அன்றைக்கும் ஷமீமா அழவில்லை, வாதாடவில்லை. டிபன் கேரியரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அண்ணே, நீங்க ஒரு தடவையாவது கீழ வந்து கேட்டீங்களா?" நான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அவர் இடத்தில் ஹாஜியாரின் மச்சான் உட்கார்ந்தார். முதல் வாரத்திலேயே இரண்டு கூப்பிடு தவறிப்போனது. சொந்தக்காரர் அல்லவா, யாரும் காதைப் பற்றிப் பேசவில்லை.

நாலு மாசம் இப்படியே ஓடியது. அப்புறம் ஒரு நாள் அடித்த காற்றில் என் இருபதடிக் குழாய் ஒடிந்தது. ஆன்டெனா ஒயரோடு தொங்கி, கட்டடத்தின் பின்பக்கச் சுவரில் கோடவுன் மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. மறுநாள் ரிப்பேருக்குப் போகிறேன், ஸ்கேனர் பிசிறில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறது! கோடு எத்தனை? இரண்டு.

ஜெட்டிக் கம்பெனியின் டெக்னீஷியனைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். பர்மாக்காரர், பொறுமைசாலி. இரண்டு கப்பையும் மேஜையில் தள்ளி வைத்துக் காட்டினார். அவர்களுக்கு இரண்டு டவராம். ஒன்று இந்தக் கரையில் மேற்கே, இன்னொன்று ஆற்றுக்கு அப்பால் தன்லியினில். இரண்டும் ஒரே பேச்சை ஒரே சேனலில் ஒரே நேரத்தில் அனுப்பும். நீ உயரத்தில் ஏறினால் இரண்டும் சம பலத்தில் கிடைக்கும், ஆனால் ஒரு இம்மி முன்னே பின்னே வரும். இரண்டு பேர் ஒரே சேதியை உன் இரண்டு காதிலும் கொஞ்சம் தள்ளித் தள்ளிச் சொன்னால் உனக்கு ஏதாவது விளங்குமா? செட்டுக்கும் விளங்காது. கோடு மட்டும் ஃபுல்லாக இருக்கும். கீழே இறங்கினால் தன்லியின் பக்கத்துச் சிக்னலைச் சுவர் மறைக்கிறது. ஒரே ஒரு டவர்தான் கிடைக்கும். அது போதும் என்றார்.

ஷமீமா சொன்னதும் அதுதானே? டவர் கணக்கெல்லாம் தெரியாமல், காதால் மட்டுமே கண்டுபிடித்துச் சொன்னார்.

ஒரு டவரை மட்டும் பார்க்கிற மாதிரி மீன்முள் ஆன்டெனா ஒன்றை அதே பின்பக்கச் சுவரில் தாழ்வாக மாட்டினேன். தகராறு தீர்ந்தது. ஹாஜியார் என் தோளில் தட்டி, "கைராசிக்காரரப்பா நீங்க" என்றார்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால், அன்றைக்கு ஊரறியச் சிரித்தேனே, எழுதிக் கையெழுத்தும் போட்டேனே... அடுத்த வாரம் சொல்லிக்கலாம் என்று விட்டேன். அடுத்த வாரம், அடுத்த மாசம் ஆனது. இப்போது மூன்று வருஷம். தெரியாமல் எழுதினது தப்புதான், அதையாவது மன்னிக்கலாம். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இப்போது புரிகிறதா, பஸ்ஸில் எனக்கு ஏன் நிம்மதி வந்தது என்று? அவருக்கு நிஜமாகவே காது கேட்காது என்றால் நான் எழுதினது சரியாகிவிடுமே! இப்படியும் ஒரு மனுஷன்.

தன்லியினில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கட்டும் என்று கூடைக்குப் பின்னாலேயே இருந்தேன். கடைசியாக இறங்கினால், கீழே ஷமீமா நிற்கிறார். மகள் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள்.

"என்னண்ணே, வாழைப்பழத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டீங்க?"

அசடு வழிந்தேன். "நல்லாயிருக்கியாம்மா?" என்று நானும் கத்தினேன். காது கேட்காதவர் என்ற நினைப்பில்.

அவர் குரல் பழைய மாதிரியே மெதுவாக இருந்தது. "இருக்கேன். அந்த செட் இப்ப எப்படிண்ணே? பேசுதா?"

வேலை போன பிறகும் அவர் முதலில் விசாரித்தது அந்தப் பாழாய்ப்போன செட்டைத்தான்.

"பேசுது" என்றேன்.

"எங்க வெச்சிருக்கீங்க?"

இதற்கு மேல் எனக்கு ஓடி ஒளிய இடமில்லை. "கீழதாம்மா. கோடவுன் சுவத்துல" என்றேன்.

அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கேட்டார். "அப்ப... எங்காதுல ஒண்ணும் இல்லையாண்ணே?"

காது டாக்டரிடம் போனாராம். காது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். ஆனால் வீட்டில் யார் நம்பினார்கள்? மெஷின் தெரிஞ்சவரே எழுதிக் கொடுத்திருக்காரே என்றார்களாம். மெல்ல மெல்ல எல்லாரும் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் ஷமீமாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "பள்ளிவாசல்ல பாங்கு சொல்றது கேக்கும்ணே. கேட்டாலும், நெசமாத்தான் கேட்டுச்சான்னு எம் மககிட்ட ஒரு தடவை கேட்டுக்குவேன்" என்றார்.

என் கையில் இருந்த கூடை கனத்தது. கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு டவர், ஒடிந்த குழாய், டீக்கடை, கைராசி... நாலே மாசத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் சொன்னேன். "கோளாறு உன் காதுல இல்லம்மா. எங்கிட்டதான்."

"பரவாயில்லண்ணே" என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். வழக்கம் போலக் காதருகே குனிந்து, "அமே!" என்று பர்மாக்காரப் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி கத்தினாள்.

ஷமீமா திரும்பி அவளைப் பார்த்தார். "மெதுவாப் பேசு. எனக்குக் கேக்குது" என்றார்.

ஹாஜியார் வாராவாரம் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். ஹாஜியார், நான் கொடுத்த அந்த மூணு வரிச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, இதை வெச்சுக்குங்க.